ஃபியூஸும் புரோகிராமும்

உங்கள் ஸ்டேஷன் டீ கொஞ்சம் தண்ணீர், சார். குடவாசல் கடைகளில் இதைவிட நன்றாகவே போடுவார்கள். பரவாயில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அரிசி ஆலைக்குக் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான் செய்து கொடுத்தது. ஈர நெல் தொட்டியில் கட்டிக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கித்தான் குத்திவிட வேண்டும். தொட்டியின் அடியில் நெல்லைத் தள்ளும் இரும்புத் திருகு இருக்கிறது. முன்பெல்லாம் இறங்குகிறவர் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். பட்டிக்காட்டுப் பழக்கம். நான்தான் அதை ஒழித்து, ஃபியூஸ் பெட்டியின் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

என் ஏற்பாட்டில், ஆபீஸில் வேலை பார்க்கும் இசைவாணி கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். டேட்டாபேஸில் உள்ள எஸ்.க்யூ.எல். புரொசீஜர், அதாவது எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு, வெளியே நான் எழுதி வைத்திருக்கும் புரோகிராமைக் கூப்பிடும். புரொசீஜருக்கு மோட்டாரைத் தொடத் தெரியாது. புரோகிராம்தான் மோட்டாரைப் பூட்டிவிட்டு, ‘பூட்டியாச்சு’ என்று பதில் தரும். புரொசீஜர் அந்தப் பதிலை அப்படியே நம்பும். பூட்டாவிட்டால், குறித்து வைத்த நேரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்.

எலக்ட்ரீஷியன் அறிவுச்செல்வனுக்கு இது பொறுக்கவில்லை. என்னை வைத்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னார்: “வெளில இருக்குற புரோகிராம் பொய் சொன்னா யாருங்க கண்டுபிடிப்பா? ஃபியூஸ் பொய் சொல்லாதுங்க.”

முதலாளி சிரித்தார். குறுவை அரவை முடிந்ததும் என் புரோகிராமை எடுத்துவிடலாம் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அன்று இரவே புரோகிராமில் பூட்டும் வரியை எடுத்தேன். பதில் சொல்லும் வரியை விட்டுவைத்தேன். காலடியில் திருகு லேசாக அசைந்தால் போதும், அறிவுச்செல்வன் பயந்துபோய் என்னிடம் வருவார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவரே இறங்கினார். இசைவாணி பொத்தானை அழுத்தினாள். திரையில் ‘பூட்டியாச்சு’ வந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது, கூடவே அவர் குரலும்.

“சார், ஓடுது சார், நிறுத்துங்க,” என்றாள். மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது.

“ஓடலம்மா. பூட்டியாச்சுன்னு இருக்கு பாரு,” என்றேன்.

குரல் நின்ற பிறகுதான் சுவிட்சை அணைத்தேன். அந்தப் பெண்மேல் தப்பில்லை, அவளை விட்டுவிடுங்கள். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் புரோகிராமில் கோளாறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.