டயல்ல ஒரு பேரு, உள்ள வேற மெஷின்

— நிறுத்துங்க சம்பந்தியம்மா! சுவிஸ் வாட்ச்சு, சுவிஸ் வாட்ச்சுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்க. பின்மூடியத் தொறந்தா மெஷின்ல வேற கம்பெனி முத்திரை! இந்த ராஜவேல் இனிமே அரியலூர்ல தலைகாட்ட முடியுமா?

— ஏன் சம்பந்தி கத்துறீங்க, கடைவீதியில? எங்கண்ணன் துபாய்ல பில்லு போட்டு வாங்குனது. வீரமணி, பெரம்பலூருக்கே வாட்ச் பாக்குறவன் நீ. வாயத் தொறந்து சொல்லேன்.

— ஒரிஜினல்தான் பாக்கியலட்சுமி அக்கா. சார், பேரெடுத்த கம்பெனிங்க பலதும் மெஷினைத் தானே செய்யுறதில்ல. மெஷின் மட்டுமே செய்யுற கம்பெனிகிட்ட வாங்கி, மெருகு போட்டு, டயல்ல தன் பேரைப் போட்டுக்கும்.

— அப்ப பேரு ஒருத்தனுது, ஓட்டுறது இன்னொருத்தனா?

— உங்க வூட்டு சீர்த்தட்டு அதிரசம் மட்டும் என்னவாம்? "நாங்களே சுட்டது"ன்னீங்க. டப்பா அடியில ஜெயங்கொண்டம் கடை ஸ்டிக்கரு! நான் மூச்சு வுட்டேனா?

— அதிரசம் நின்னுபோவலயே! நிச்சயத்தன்னிக்கு என் பையனுக்குப் போட்ட வாட்ச்ச சாமி அலமாரியில பத்திரமா வெச்சா, மூணாம் நாளே நின்னுபோச்சு. அபசகுனம். கல்யாணமே வேணாங்குறேன்!

— சார், இதுல பேட்டரி கிடையாது. கை ஆடினா உள்ள ஒரு எடை சுத்தி, தானே சாவி ஏறும். அலமாரியில வெச்சா நிக்கத்தானே செய்யும்? ஆமா, மாப்பிள்ளை கலைச்செல்வன் ஏன் கட்டவே இல்ல?

— அது... முகூர்த்தத்துக்குக் கட்டிக்கலாம்னு...

— அய்யோ, எனக்குப் படபடன்னு வருதே. பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சே, சம்பந்தி!

— உக்காருங்க சம்பந்தியம்மா, உக்காருங்க. வெதுவெதுன்னு சீரகத்தண்ணி குடிங்க. மூணு மடக்கா, மெதுவா.

— இருங்க. என்ன சொன்னீங்க? மாப்பிள்ளை தெனம் காலையில அபிநயாவுக்குப் போடுற மெசேஜு இது! ரோசாப்பூ படம், அடியில "சீரகத்தண்ணி குடி, மூணு மடக்கா, மெதுவா." எம்பொண்ணு அதைக் காட்டிக் காட்டிப் பூரிச்சுப் போறா. சம்பந்தி, இங்க என் மூஞ்சியப் பாருங்க.

— பையன் பேசவே மாட்டேன்னுட்டான்ம்மா. பொண்ணு வருத்தப்படுமேன்னு என் ரெண்டாவது சிம் நம்பரை அவன் நம்பருன்னு குடுத்துட்டேன். சத்தியமா, சீரகத்தண்ணியத் தாண்டி ஒரு வார்த்தை எழுதல!

— டயல்ல மவன் பேரு, மெஷின் அப்பனா? வீரமணி, அந்த வாட்ச்ச மூடி என் கையில குடு. கல்யாணம் வேணாம்னு இப்ப நான் சொல்றேன்.

* * *

— வாங்கக்கா! அந்தச் சண்டைக்கப்புறம் நாலு மாசமா ஆளையே காணோம்?

— இந்த வாட்ச் செயின்ல ரெண்டு கண்ணி எடுத்துடு, வீரமணி. அபிநயாவே கட்டிக்கப் போறா. ஓசூர்ல வேலை கெடச்சுப் போயிட்டா.

— ராஜவேல் சார் பேசுறாரா?

— "சீரகத்தண்ணி குடிச்சியாம்மா"ன்னு இன்னும் போடுறாரு, இப்ப சொந்தப் பேருல. இவளும் "குடிச்சேன் மாமா"ங்குறா. மவன் குன்னத்துப் பொண்ணு பூங்குழலியக் கட்டிக்கிட்டுத் திருப்பூர் போயிட்டான். மூணு வருசக் காதலாம்! அவளுக்கு மட்டும் வாரம் ஒரு லெட்டரு, கவிதையா எழுதித் தள்ளியிருக்கான். எம்பொண்ணுக்கு ஒரு வரி எழுதக் கை வலிச்சுது பாரு.

— அவனுக்கு எங்கக்கா எழுத வரும்? அம்புட்டும் இதே மேசையில நான் எழுதிக் குடுத்தது.