அரைவாசி வயல்

உள்நாட்டுச் சண்டை முடிந்த வருடம், கிழக்கிலங்கையில் மழைக்காலப் பெரும்போக விதைப்புக் காலம். கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள் இருந்தார்கள். தொப்பி போட்டவரின் காலடியில், ஊறவைத்த விதைநெல் மூட்டை ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அரைவாசி வயல்தான் விதைப்பன். மிச்சம் சும்மா கிடக்கட்டும்" என்றார் அவர்.

பக்கத்திலிருந்தவர் வீரமுனைக்காரர், தமிழர். அவர் திரும்பினார். "ஏன் காக்கா?" என்று, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோலவே கேட்டார்.

"உழவு முடியல்ல. டிரக்டர்காரன் பாதியில விட்டுட்டுப் போயிட்டான்."

"பத்து நாள் பிந்தி விதைங்களன்."

"போன போகம் அப்பிடித்தான் பிந்தினன். எல்லாரும் வெட்டி முடிய, என்ட வயல் மட்டும்தான் பச்சையா நிண்டது. வட்டை வயலெல்லாத்திலயும் இரிந்த, சாறு உறிஞ்சுற அறக்கொட்டிப் பூச்சி முழுக்க அங்கதான் வந்திச்சி. பயிர் நெருப்பு வெச்ச மாதிரிக் கருகிப் போயிட்டு."

"மருந்தடிச்சீங்கதானே?"

"மூணு தரம். அதுகளுக்குக் கறி ஊத்தின மாதிரி."

வீரமுனைக்காரர் சிரித்தார். "அப்ப மிச்ச வயலுக்கு ஊறவெச்ச நெல்?"

"அது வீட்டுல ஒரு மூட்டை கிடக்கு. கோழி தின்னட்டும். பூச்சிக்குக் குடுக்கமாட்டன்."

சம்மாந்துறையில் இறங்கும்போது வீரமுனைக்காரரே அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

"வீட்டு மூட்டையக் கோழிக்குப் போட்டுராதீங்க காக்கா. என்ட டிரக்டர் இண்டைக்கு மத்தியானம் வரும், மிச்சத்தையும் உழுதுருவம். இந்தப் போகம் ஒங்களுக்கு அடுத்த வரம்பு என்டதானே."