ராணி தைத்த கழுத்துப்பட்டை

— ஆடாம நில்லுங்க. நாட்டுக்கே ராஜா, உடுப்பு மாட்டறதுக்குள்ள இந்த நெளி நெளியறீங்க!

— சபையே காத்துக்கிட்டிருக்கு, கேட்டியா? சின்னவனை விலங்கு மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தியாச்சு.

— அவருக்குச் சாப்பிட ஏதாவது குடுத்தாங்களா?

— பாரு, இதான் உன்கிட்ட! கூடப்பிறந்த அண்ணன் வேட்டைக்குப் போன நேரம் பார்த்துக் கோட்டைக் கதவைச் சாத்திட்டு, சிம்மாசனத்துல ஏறி உக்காந்தவன். அவனுக்குச் சாப்பாடு ஒண்ணுதான் குறைச்சல்!

— கோபம் வந்தா எதையும் தொடமாட்டார். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். இந்தக் கையை நீட்டுங்க.

— நீ இடுப்புல தூக்கி வளர்த்த கொழுந்தன், உனக்கு மனசு கேக்காது. நான் அப்படி இருக்க முடியுமா? தலையை வெட்டுங்கன்னு என் வாயாலேயே சொல்லணும். மணல் கடிகாரம் தீர்றதுக்குள்ள சொல்லலைன்னா நாடு கடத்தறதோட போயிடும். நம்ம சபை வழக்கம் உனக்குத் தெரியாததா?

— தெரியுமே. நான் ஒண்ணும் சொல்லலையே.

— நீ எப்பத்தான் சொல்லியிருக்க? வாயே திறக்காம எல்லாத்தையும் நடத்திடுவ.

— நல்லாயிருக்கே! உங்களுக்கு உடுப்பு தைச்சுக்கிட்டு, ஊசியும் நூலுமா இந்த அறையில கிடக்கறவ நான்.

— அந்த ஊசியைத்தான் சொல்றேன். ஒரு தூதுவன் சபையில என் மூக்கைக் கிண்டல் பண்ணானே, ஞாபகம் இருக்கா? பிடிச்சுக் கட்டுங்கடான்னு கத்தப் போனேன். சத்தம் எங்க வந்துது? இருமல்தான் வந்துது. நான் இருமி முடிக்கறதுக்குள்ள அவனே பயந்து என் கால்ல விழுந்துட்டான். ஒரு போரே நின்னுபோச்சு! ஊரெல்லாம் என்னைப் பொறுமைசாலிங்குது.

— நல்ல பேருதானே வாங்கியிருக்கீங்க.

— அடி கள்ளி! நான் கோபமா சபைக்குக் கிளம்பற நாள்ல மட்டும் இந்தக் கழுத்துப்பட்டை ஒரு விரல் குறுகிடுதே, எப்படி? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கல்யாணமான புதுசுலேயே தெரியும்.

— தெரிஞ்சேவா போட்டுக்கிட்டீங்க?

— நீ தைச்சதாச்சே, போட்டுக்காம? அதுவும் இல்லாம, ஒரு நாளும் அது தப்பான இடத்துல இறுக்கினதில்ல. அதுக்கு என்னைவிட அறிவு ஜாஸ்தி. ஆனா இன்னைக்கு வேணாம்மா. இன்னைக்கு நான் பேசியாகணும்.

— பேசுங்களேன். யார் வேணாம்னா?

— எங்கேருந்து பேசறது? அவன் பேரை எடுத்தாலே மூச்சு முட்டுது. உனக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் தளர்த்திவிடு.

— எதைங்க தளர்த்தறது? கழுத்துக்குப் பின்னால ஒரு பொத்தான்கூட நான் இன்னும் மாட்டலையே!