புரிஞ்சுதா டீச்சர் விமானம் ஏறுகிறார்

என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்ட, இந்த அவையின் தலைவர், தலைமையாசிரியர் அவர்களே! முன்வரிசையை முறையாக நிரப்பியிருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கடைசி வரிசைக் கண்மணிகளே! விழா நாயகியும் என் நாத்தனாருமான ஆங்கில ஆசிரியை அவர்களே! இந்தத் தமிழாசிரியையின் தாழ்மையான வணக்கம்.

கொரிய மொழி பேசும் நாட்டுக்கு, அந்த மொழியில் எழுத்துக்கூட்டவும் தெரியாமல், ஓராண்டு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறார் என் நாத்தனார். துணிச்சல் என்பதா? தொலைநோக்கு என்பதா? என் சமையலிலிருந்து தப்பிக்கத் தீட்டிய திட்டம் என்பதா? சிரிக்காதீர்கள், வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஓர் உண்மையைப் போட்டு உடைக்கிறேன். இன்று காலை பேருந்தில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"அண்ணி, நான் போகல. பொண்ணு அடுத்த வருஷம் பத்தாவது. கூட்டம் முடிஞ்சதும் வரலைன்னு எழுதிப் போட்டுடுறேன்."

வழியனுப்பு விழாவை வைத்துக்கொண்டு வழியை மாற்றுகிறார் பாருங்கள். இந்த ஒலிபெருக்கியை விடுவதற்குள் அவர் மனத்தை மாற்றியாக வேண்டும். அதுதான் என் அவசரம்.

கணவர் மறைந்தபின் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே ஆசிரியர் அறை. சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட எனக்கு வேறு திசை இல்லை.

மாணவர்கள் இவருக்கு வைத்த பெயர்... இருங்கப்பா, நானே சொல்கிறேன், 'புரிஞ்சுதா டீச்சர்'. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரை அதிரும். அதிர்ந்தால்தான் அடுத்த வரிக்கு நகர்வார். நானும் அப்படித்தான். இங்கே அமர்ந்திருக்கும் யார்தான் அப்படி இல்லை?

வேலைக்கான நேர்காணல் எங்கள் வீட்டு முன்னறையில், மடிக்கணினியில் நடந்தது. திரையில் மூன்று பேர். "எங்களைக் குழந்தைகளாக நினைத்துப் பாடம் நடத்துங்கள்" என்றார்கள். நடத்தினார். புரிந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூவரும் மௌனம். மறுபடி கேட்டார். மறுபடி மௌனம். பதற்றத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டார், "புரிஞ்சுதா?"

கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், என் கணவர், இவர் மகள் மூவரும், வீட்டிலும் தினம் இதே கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கதோஷத்தில், ஒரே குரலில் கத்தினோம், "புரிஞ்சுது டீச்சர்!"

போச்சு, காரியம் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திரையில் இருந்த பெண்மணியோ அதன் பொருளைக் கேட்டறிந்து சிரித்துவிட்டு, "அவர்களை அழையுங்கள், என்ன புரிந்தது என்று கேளுங்கள்" என்றார். வரிசையாகப் போய் நின்றோம்.

"என்னண்ணே புரிஞ்சுது?"

"எனக்கென்னம்மா தெரியும்? நீ கேட்ட, சொன்னேன்."

எனக்கும் ஒன்றும் தெரியாது. நாத்தனாரின் முகம் வாடிவிட்டது. ஆனால் மழுப்பவில்லை. "இத்தனை வருடம் இந்தச் சத்தத்தை நம்பிவிட்டேன், முதலிலிருந்து தொடங்குகிறேன்" என்று திரையிடம் சொன்னார். ஒரு கரண்டியும் குவளையும் எடுத்தார். உள்ளே, வெளியே, மேலே, கீழே. பத்தே நிமிடத்தில் என் கணவரே ஆங்கிலத்தில் முழு வாக்கியம் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை உறுதியானது. அன்றைக்கே இவர் தேடிக் கற்ற முதல் கொரிய வாக்கியம், 'எனக்குப் புரியவில்லை'. ஒரு குழந்தை அதைச் சொன்னால் தன் காதில் விழ வேண்டுமாம். இப்படிப்பட்டவரையா வீட்டில் உட்கார வைப்பது?

மகளுக்காகத் தயங்குகிறார். அந்த மகளிடமே இன்று மதியம் கேட்டேன்.

"அத்தை, அம்மா போகலைன்னா அது என்னாலதான்னு ஆகிடும். அவங்க வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியும்ல? ஒரு வருஷம் அம்மா இல்லாம இருந்துடுவேன். அந்தப் பழியோட இருக்க முடியாது."

சொன்னவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

நாத்தனாரே, உன் மகளைப் படிக்கவைக்க நான் இருக்கிறேன், உன் அண்ணன் இருக்கிறார். நீ இல்லாத வீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, அதையும் இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் போ. உனக்காகப் போ, அந்தப் பிள்ளைக்காகவும் போ.

தலையாட்டிவிட்டார், பார்த்தீர்களா? அவையோரே, அத்தனை பேரும் சாட்சி. பெட்டி இன்னும் காலியாகக் கிடக்கிறது, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.