பவளத் தொட்டியைப் பிழைக்க வைத்த விதம்

மின்சாரம் திரும்பி வந்த உடனே மீன்களுக்கு இரை போட்டுவிடக் கூடாது. எல்லோரும் செய்கிற தவறு அது. பாவம், பட்டினி கிடந்ததே என்று ஒரு கை அள்ளிப் போடுவார்கள். தின்னாத இரை அழுகி, பிழைத்துக் கிடந்ததையும் கொன்றுவிடும். இரக்கம் என்பது அளவாகக் காட்டவேண்டிய பொருள், ஐயா.

படகுக்கார நெல்சன் என்னைப் பற்றி உங்களிடம் இரண்டு புகார் சொல்லியிருக்கிறான். போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிற தொட்டியின் பவளமெல்லாம், எதையும் எடுக்கக் கூடாத வண்டூர் கடலில் உடைத்தெடுத்தவை என்பது ஒன்று. என் அக்கா சின்னம்மா இறந்த விதம் பற்றியது மற்றொன்று. வந்ததிலிருந்து நீங்கள் முதலாவதையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் இரண்டாவதைச் சொல்கிறேன். அதைக் கேட்டபின் முதலாவது உங்களுக்குச் சின்னதாகத் தெரியும்.

தொட்டி ஆறடி நீளம். உள்ளே ஓடுவது கடல் தண்ணீர். நீல விளக்கின் கீழே பவளங்கள் விரல் விரித்து நிற்கும். அவற்றின் நடுவே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். மெயின்லேண்டிலிருந்து வருகிற பெரிய மனிதர்களுக்குக் கப்பல் விஷயமாகவும் விருந்து விஷயமாகவும் நேரம் போய்விடும். அந்தமான் வரை வந்து கடலைப் பார்க்க முடியாமல் போனவர்களை என் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். கடல் அவர்களுக்கு முன்னால் நிற்கும். அவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை ஓர் அதிகாரி, எந்தத் துறை என்று வேண்டாம், இதெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். சுனாமியில் கரை ஒதுங்கியது என்றேன். அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். எங்கள் தீவுகளில் பதில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் சுனாமிதான் பதில்.

பவளப் பாதுகாப்புச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். 'பவளக் காவலர் முத்துராஜ்' என்ற பட்டத்தைச் சங்கம் ஒருமனதாக எனக்கு வழங்கியது. அன்றைய கூட்டத்தில் நானும், தேநீர் கொண்டுவந்த புஷ்பாவும் இருந்தோம்.

புஷ்பா என் வீட்டில் வேலை செய்பவள். அக்காவைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

அக்கா கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கேதான் குடியமர்த்தினார்கள். அவள் பால் வெட்டப் போனாள். நான் போர்ட் பிளேருக்குப் படிக்க வந்தேன். சுனாமி அவள் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. அவளை நான் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில்தான் அழைத்து வந்தேன், ஆனால் அவர்களுக்காக அல்ல.

ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடுகிற கூடத்தில் வருடக் கணக்காக வேலை பார்த்ததில் அவள் நுரையீரல் கெட்டிருந்தது. கரண்டில் ஓடுகிற ஒரு இயந்திரம் காற்றைச் சுத்தம் பண்ணி மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும். கரண்ட் போனால் கைவசம் இருக்கட்டும் என்று கட்டிலருகே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். குறை வைக்கவில்லை.

குறை அவள் வாயில்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் சுனாமி நினைவுநாள் மேடையில் அவளை என் பக்கத்தில் உட்கார வைப்பேன். "இரண்டு இளங்குருத்துகளை அலைக்குத் தந்த தாய் இதோ" என்று நான் சொல்லும் இடத்தில் கூட்டம் கண் துடைக்கும். ஒரு வருடம் வீட்டுக்கு வந்ததும், புஷ்பா இருக்கும்போதே கேட்டாள்.

"குருத்து குருத்துங்கிறியே, எம் புள்ளைங்க பேரு என்னாடா?"

"தெரியாதா அக்கா? நல்லதம்பி."

"இன்னொன்னு?"

எனக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது. செம்பை எடுத்துக் குடித்தேன்.

"தண்ணி குடிச்சா பேரு வராதுடா தொரை. அவ பேரு அலமு. ஒன் தோள்ல ஏறித்தான் மோட்டார் படகு பாக்கப் போவா."

மலைத்தோட்டத்தில் தொரை என்று கூப்பிடுவது தோட்டத்து அதிகாரியை. அந்த வார்த்தையை அவள் என்னிடம் மரியாதையாகச் சொன்னதில்லை. பேர் சொன்னால் பேச்சின் ஓட்டம் கெடும் என்று அவளுக்கு நான் விளக்கவில்லை. மேடை என்றால் என்னவென்று எல்லோருக்கும் புரியாது.

தொட்டி இருந்த கூடத்துக்கு அவள் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். "அது வீட்டுக்குள்ள வந்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனிச்சு. நீ அதுக்கு லைட்டு போட்டு வச்சிருக்க" என்பாள். விருந்தினர்கள் அதையும் தத்துவமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் ஆண்டு நினைவுநாளுக்கு டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. மேடையில் எனக்குப் பொன்னாடை. பிறகு என் வீட்டில் தொட்டியைப் பார்வையிடல். அக்காவுக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பெரிய சாப் வரட்டும். இந்தியில சொல்றேன். சாப், இதெல்லாம் வண்டூர்லேருந்து ஐஸ் பொட்டியில சோரி பண்ணி, திருடிக் கொண்டாந்தது, நெல்சன் போட்டுலதான் வந்திச்சின்னு."

"உனக்கு உடம்பு முடியாது அக்கா. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"மூச்சுதாண்டா முடியல. வாயி நல்லாத்தான் இருக்கு."

புஷ்பா சிரித்தாள். அவளை நான் வேலையை விட்டு நிறுத்தவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, காலையில் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. என் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்திருக்கிறது. அதைப் பழுது பார்க்க ஆள் வருவதாயிருந்த அன்று நான் கடலைக் காப்பது பற்றிய கருத்தரங்கில் இருந்தேன்.

"அண்ணே, பிஜ்லி சாயந்தரம்தான் வருமாம். அக்காவுக்கு சிலிண்டர் தொறந்து விட்டுட்டேன். சாயந்தரம் வரைக்கும் தாங்கும்" என்றாள் புஷ்பா.

அக்காவுக்குத் தாங்கும். தொட்டிக்கு? தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டார் நின்றால் பவளத் தொட்டி குட்டையாகிவிடும். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் சூடேறும். சூடேறிய தண்ணீரில் காற்று தங்காது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பவளம் வாயைப் பிளக்காது. சுருங்கி, வெளுத்து, சத்தமில்லாமல் சாகும். நான் ஒரு வாளியும் செம்பும் வைத்துக்கொண்டு தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கை ஓய்ந்து போயிற்று. நெல்சனுக்கு ஆளனுப்பி, கேன்களில் புதுக் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். புஷ்பாவை ஐஸ் வாங்கி வர அபர்டீன் பஜாருக்கு அனுப்பினேன்.

வீட்டில் நானும் அக்காவும் தொட்டியும்.

ஒரு பக்கம் ஓர் உயிர். அதுவும் தன் காலத்தை வாழ்ந்து முடித்த உயிர். மறுபக்கம் நூற்றுக்கணக்கான உயிர்கள்; வாய் பேசாதவை. எந்த நியாயத் தராசிலும் வைத்துப் பாருங்கள். நான் அக்காவின் அறைக்குப் போய்ச் சிலிண்டரின் குழாயைக் கழற்றினேன்.

"எங்கடா எடுத்துட்டுப் போற?"

"தொட்டிக்கு அக்கா. கொஞ்ச நேரம்தான்."

"மீனுக்கா?" என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு, அது இருமலாயிற்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "முத்து, மூச்சு வாங்குதுடா. சரி, நான் ஒண்ணும் சொல்லல. சாப் வந்தா வாயத் தொறக்கல. வச்சிட்டுப் போ சாமி."

தொரையை விட்டுவிட்டு அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். நெகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அக்கா கொடுக்கிற வாக்கின் ஆயுள் எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கூடத்தில் குழாயைத் தண்ணீருக்குள் விட்டதும் குமிழ்கள் வரிசையாக மேலேறின. பார்க்க அழகாக இருந்தது. அக்கா ஆள் கூப்பிடுவதற்கு ஒரு டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அந்தச் சத்தம் வந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. நான் தொட்டி வேலையில் இருந்தேன். பாதியில் விடக்கூடிய வேலையல்ல அது.

சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்து நெல்சன் கேன்களோடு பின்வாசலில் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அண்ணாச்சி, இது அக்காவுக்குள்ள சிலிண்டர்லா?"

"அக்கா தூங்குது. இப்போ வேண்டாம்னு சொல்லிடுச்சு."

அவன் தொட்டிக்குள் பார்த்தான். என் காலடியில் இருந்த வாளிக்குள் பார்த்தான்.

"மீனு பூரா செத்து வாளியில கெடக்கு. தொட்டியில ஒண்ணுங் காணல. பொறவு யாருக்கு அண்ணாச்சி காத்து ஓடுது?"

பவளமும் உயிர்தான், அதுவும் மூச்சு விடுகிறது என்று அவனுக்கு விளக்கினேன். சற்று நீளமான விளக்கம். அவன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுப்பிவிடாதே, இன்னும் நாலு கேன் வேண்டும், போ என்றேன். போனான். அன்று கதவைத் திறக்காமல் போனதுதான் அவனை இன்று உங்களிடம் அனுப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு என்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

அவன் போனதும் சிலிண்டரைக் கட்டிலருகே வைத்து, குழாயைத் துடைத்து, அக்காவின் மூக்கில் மாட்டினேன். புஷ்பா ஐஸோடு வந்து பார்த்துவிட்டு அழுதாள். வந்த டாக்டர் நோயாளியின் பழைய கதையைக் கேட்டார். சுனாமியில் சிக்கியவள் என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மாலையில் கரண்ட் வந்தது. நான் இரை போடவில்லை. விளக்கை அணைத்தே வைத்தேன். தினம் கொஞ்சமாகப் பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். அழுகிய பகுதிகளைச் சுரண்டி எறிந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, இந்த நேரத்திலும் இந்த மனிதருக்கு எத்தனை ஜீவகாருண்யம் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பவளம் விரல் விரித்தது.

டெல்லி மனிதரும் வந்தார். மீன்கள் எங்கே என்று கேட்டார். வீட்டில் துக்கம் என்றேன். அவர் தலை குனிந்து நின்றார். கூட வந்தவர்களும் குனிந்தார்கள். பொன்னாடை நல்ல கனமாக இருந்தது.

நெல்சனின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, இல்லையா? சொல்கிறேன். அக்கா சிலிண்டரில் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதே தொட்டியில் கடைசி மீன் மிதந்துவிட்டது. நான்தான் அதை வலையால் எடுத்து வாளியில் போட்டேன். அந்த நேரத்தில் பவளத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சாயந்தரம் வரைக்கும் அதுவும் தாங்கும். கையைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அக்காவின் அறைக்குப் போனேன்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்றே எழுதுங்கள், மறுக்கமாட்டேன். பவளத் திருட்டு என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. எனக்கு இந்த ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது.