மெஷினுக்கு விடியுற நேரம்

எழுதுறது அப்பால கெடக்கட்டும் சார், இத்த மட்டும் சொல்லுங்க: இருட்டுல செஞ்ச வேலை வேலையா, இல்லியா?

சிரிக்காதீங்க. மூஞ்சியப் பாத்து வருகை போடுற மெஷினப் பாக்கத்தானே லேபர் ஆபீஸ்ல இருந்து வந்துகீறீங்க? மெஷினு பொய்யே சொல்லாதுன்னு தேவராஜ் மொதலாளி எளநீ வெட்டிக் குடுத்தாரு. பூந்தமல்லி பக்கத்துல இவ்ளோ ஒழுங்கான மல்லித் தோட்டம் கெடையாதுன்னாரா? வர்றவங்க எல்லார்கிட்டயும் அத்தான் சொல்வாரு.

நான் நாகம்மா. இங்க மொக்கு பறிக்கிறேன். வெயில் பட்டா மொக்கு வாயத் தொறந்துடும் சார், அப்பறம் கோயம்பேட்டுல ஒருத்தனும் தொட மாட்டான். அதனால தலையில டார்ச்சு கட்டிக்கினு நாலு மணிக்கே எறங்கிடுவோம். ஆனா மெஷினுக்கு இருட்டுல கண்ணு தெரியாது. விடிஞ்சப்பறம் போயி மூஞ்சியக் காட்டினா, வணக்கம் நாகம்மாள், நல்வரவுன்னு சொல்லும். பாதித் தோட்டம் பறிச்சவளுக்கு நல்வரவு!

லைட்டா? கேட்டோமே. பூச்சி வரும்னாரு. ஆயுத பூஜைக்கு மட்டும் மெஷினுக்கு மாலை போட்டு, அது கண்ணு மேலயே பொட்டு வெச்சிட்டாரு. அன்னிக்கு ஒருத்தரும் வேலைக்கு வர்லன்னு எழுதிக்கிச்சு.

ஒரு கதை சொல்றேன், கேட்டுக்கோங்க. ஒரு ராஜா, நான் கண்ணு முழிச்சப்பறம்தான் விடியணும்னு சட்டம் போட்டானாம். ஜனங்க இன்னா பண்ணுவாங்க? அவன் தூங்குறப்பவே உழுது, வெதச்சி, அறுத்துட்டாங்க. எழுந்து வந்து நெல்லப் பாத்தான். விடியறதுக்கு முன்னாடி ஏதுடா நெல்லு, திருடிக்கினு வந்தீங்களான்னு அத்தினி பேரையும் உள்ள போட்டானாம்.

யாரு சொன்ன கதையா? நானே கட்டினதுதான் சார். போன வாரம், ஆஸ்பத்திரி வராண்டாவுல குந்திக்கினு.

அங்க இன்னா வேலையா? எங்கூடப் பறிச்சிக்கினு இருந்த துலுக்கானத்த இருட்டுல கட்டுவிரியன் கடிச்சிட்ச்சி. மொதலாளி ஓடியாந்து ஆளப் பாக்கல, மெஷினப் பாத்தாரு. இவன் இன்னும் வேலைக்கே வர்லியேன்னாரு. மெஷினு எழுதலன்னா வெஷம் ஏறாதா சார்? வேலைக்கு வராதவன் கையில மொக்கு எப்பிடி வந்துச்சின்னு, ஸ்டேஷன்ல பூத் திருடன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அந்தக் கூடை மொக்க அன்னிக்கே கோயம்பேட்டுல வித்ததும் அவருதான்.

உனக்கு இன்னா இத்தினி அக்கறைன்னுதானே பாக்குறீங்க? துலுக்கானம் என் ஊட்டுக்காரரு சார். பொழச்சிக்கினாரு. இன்னிக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரில அனுப்பிடுவாங்க. அவர புடிச்சிக்கினு போக வாசல்லயே போலீஸ்காரரு ஸ்டூலு போட்டுக் குந்திக்கினு கீறாரு.

சாட்சியா? கடிச்ச பாம்பு வராது. நாங்க வர்றோம். அதோ வேலியாண்ட நிக்கிறாங்க பாருங்க, அத்தினி பேரும் அவரோட பறிச்சவங்க. பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. அவரு வேலையிலதான் இருந்தாருன்னு அவங்க வாயால எழுதி வாங்குங்க. வாங்கிக்கினு இன்னிக்கே, அவரு வாசல் தாண்டுறதுக்குள்ள, எங்கூட ஸ்டேஷனுக்கு வாங்க சார்.