பல் வலிக்கு ஒரு செட்

என் பெயர் தாயம்மா, வயது 44, காலஞ்சென்ற ரகுபதியின் மனைவி. சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைப் பகுதியில் குடியிருந்து, மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்து வருகிறேன். என் ஒரே மகள் நிலா என் பேச்சை மீறி, ஆட்டோ ஓட்டும் செம்பியனைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எனக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் சவாரிக்குப் போன பிறகுதான் நிலா என் வீட்டுக்கு வந்து போவாள்.

இந்த 1997 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி கண்டு தாடை வீங்கியது. நான் மருந்துக் கடையில் பல் வலிக்கு ஒரு செட் வாங்கினேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் நாலைந்து கலர் மாத்திரைகளை வெட்டித் தாளில் மடித்துக் கொடுப்பதை நாங்கள் செட் என்போம். நிலா என் எதிரிலேயே விழுங்கினாள். வலி விடவில்லை என்றதும் மேலும் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குக் கஞ்சி கூட இறங்கவில்லை. அதன் பிறகு வாந்தி எடுத்தாள். அதற்கும் பிறகு கண் மஞ்சளாகி, ஆள் தெரியாமல் பேசியதால் மருமகன் தன் ஆட்டோவிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். எனக்குப் பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா சொல்லித்தான் தெரியும்.

ஓடிப் போய்க் கேட்டதில் கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். எங்கள் பக்கம் எலி பேஸ்ட் தின்றவர்களுக்கு இப்படித்தான் ஆகும். "எம்பொண்ணுக்கு எலி பேஸ்ட் குட்துட்டான் பாவி" என்று வார்டிலேயே கத்தினேன். அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்தில் அப்படியே புகார் கொடுத்தேன். மருமகனைக் காவலில் வைத்தீர்கள். எனக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

இன்று காலை டாக்டர் சுந்தரராமன் என்னை அழைத்தார். வலி மாத்திரை அளவு மீறிக் கல்லீரலைக் கெடுத்தால், மருந்து கரைந்து போன பிறகும் அதன் அடையாளம் ரத்தத்தில் ஒட்டியிருக்கும் என்றும், சேர்த்த அன்று எடுத்த ரத்தத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் பார்த்ததில் அது நிறைய இருக்கிறது என்றும் சொன்னார். நான் அவ்வளவு கொடுக்கவில்லையே என்றேன். மருமகன் சட்டைப்பையில் நீங்கள் எடுத்த பொட்டலத்தை, விஷம் என்று நான் அடித்துச் சொன்ன பொட்டலத்தை, டாக்டரும் பார்த்திருக்கிறார். அதுவும் பல் வலி செட்தான். "கலர்தாம்மா வேற. ரெண்டு செட்லயும் அதே வலி மருந்துதான், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு" என்றார்.

அதன் பிறகு நிலாவுக்கு நினைவு திரும்பியது. ஏன் எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது வாங்கியாந்தத போட்டேன்னா நீ அத்த திட்டுவ. உன்கிட்ட வாங்குனேன்னா அது கோச்சிக்கும். அதான் ரெண்டு பேரு குட்ததும் போட்டுக்கினேன். அது எங்கமா, இன்னும் வரல?" என்றாள். அது என்று அவள் சொன்னது புருஷனை. அவள் பிழைப்பாளா என்று இன்னும் உறுதி சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

என் மகளுக்கு யாரும் எலி பேஸ்ட் கொடுக்கவில்லை. நான் சொல்லித்தான் மருமகன் உள்ளே இருக்கிறார், நான் சொல்வதை வைத்தே அவரை விட வேண்டும். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வாசலில் காத்திருப்பேன். அவர் என்னோடு வருவாரா என்று தெரியாது.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(தாயம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகை)